லேசிக்குக்குப் பிறகும் தீராத கண் வலி, வறட்சி: எதை முதலில் செய்வது, எதை அப்புறம் செய்வது

லேசிக் (கண்ணாடி பவரைத் திருத்தும் லேசர் கண் அறுவை) முடிந்து ஆறு மாதம் ஆகியும் கண் எரிகிறது, உறுத்துகிறது, ஏசி காற்று பட்டாலே குத்துகிறது. பரிசோதித்த டாக்டரோ "கண் நன்றாகத்தான் இருக்கிறது, சொட்டு மருந்தைத் தொடருங்கள்" என்கிறார். இந்த நிலையில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன். நானே பதினான்கு மாதம் இப்படி இருந்தவன். ஒரு கட்டத்தில் என் மேசையில் ஏழு சொட்டு மருந்துப் புட்டிகள் நின்றன. எது உதவுகிறது, எது எரிச்சலைக் கூட்டுகிறது என்று எனக்கே தெரியவில்லை.

பிறகு இதே தொல்லையோடு வந்த சிலருக்குத் துணையாக இருந்தேன். அவர்களில் பலரிடமும் மருந்து சரியாகவே இருந்தது, வரிசைதான் தப்பு. வலி எங்கிருந்து வருகிறது என்று பார்க்கும் முன்பே ஒன்றன்மேல் ஒன்றாக மருந்தை அடுக்கியிருந்தார்கள்.

நான் டாக்டர் இல்லை. கீழே மருந்தின் பெயர் வந்தால் அது உங்கள் டாக்டரிடம் பேசுவதற்காக. கடையில் நேராகக் கேட்டு வாங்குவதற்கு அல்ல. பி.ஆர்.கே., ஸ்மைல் என்ற வேறு லேசர் முறைகளில் செய்துகொண்டவர்களுக்கும் பெரும்பாலும் இதே வரிசை பொருந்தும்.

1. முதலில் இது அவசரமா என்று பாருங்கள்

பின்வருவனவற்றில் ஒன்று இருந்தாலும் மேற்கொண்டு படிக்க வேண்டாம், இன்றே கண் டாக்டரைப் பாருங்கள்: பார்வை திடீரென மங்குதல், வலி மணிக்கு மணி கூடுதல், சீழ் போன்ற கசிவு, கருவிழியில் வெள்ளைப் புள்ளி, கண்ணில் அடி படுதல், வாந்தி உணர்வோடு சேர்ந்த கடும் கண் வலி.

அடி படுவதைத் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. லேசிக்கில் கருவிழியின் மேல் பகுதியை மெல்லிய மூடி போல வெட்டித் திருப்பி, உள்ளே லேசர் செலுத்தி, மறுபடி மூடுவார்கள். ஃபிளாப் என்று சொல்லப்படும் அந்த மூடி பழைய பலத்தோடு ஒட்டிக்கொள்வதில்லை. வருடங்கள் கழித்துக்கூட அடி பட்டு நகர்ந்தது உண்டு.

ஸ்டீராய்டு சொட்டு வாரக்கணக்கில் போட்டுக்கொண்டிருப்பவர்கள் கண் பிரஷரைக் கட்டாயம் பார்க்க வேண்டும். லேசருக்குப் பிறகு கருவிழி மெலிந்திருப்பதால், கருவி காட்டும் எண் உண்மையான அழுத்தத்தைவிடக் குறைவாக இருக்கலாம். "எனக்கு லேசிக் ஆகியிருக்கிறது" என்பதைப் பிரஷர் பார்ப்பவரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள்.

2. வலி மூன்று இடங்களிலிருந்து வரலாம்

உடம்பிலேயே நரம்பு மிக நெருக்கமாக இருக்கும் இடங்களில் கருவிழியும் ஒன்று. ஃபிளாப் வெட்டும்போது அந்த நரம்புகளில் பெரும்பகுதி அறுபடுகிறது. கண் காய்கிறது என்ற செய்தி மூளைக்கு ஒழுங்காகப் போவதில்லை. அதனால் கண்ணீர் குறைகிறது, இமைப்பதும் குறைகிறது. ஸ்மைல் முறையில் சில மில்லிமீட்டர் நீளத்தில் ஒரு சின்ன வெட்டுதான் என்பதால் அறுபடும் நரம்பு குறைவு. ஆனால் இல்லாமல் இல்லை.

எனவே மூன்று மாதத்தில் வறட்சி இருப்பது அபூர்வம் அல்ல. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. மற்ற அரசு அமைப்புகளோடு சேர்ந்து நடத்திய பிரவுல் ஆய்வுகளில், அறுவைக்கு முன் வறட்சித் தொந்தரவே இல்லாதவர்களில் 28% வரை மூன்றாம் மாதத்தில் வறட்சி இருப்பதாகச் சொன்னார்கள். நரம்பு மெதுவாக வளர வளர, ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் பெரும்பாலானவர்களுக்கு இது தணிகிறது.

தணியாதவர்களுக்குக் காரணம் பொதுவாக மூன்றில் ஒன்று, அல்லது இவற்றின் கலவை:

- கண்ணீரின் தண்ணீர்ப் பங்கு குறைவு.
- கண்ணீர் போதுமான அளவு இருந்தும், மேலே எண்ணெய்ப் படலம் சரியில்லாததால் சீக்கிரம் ஆவியாகிறது. எண்ணெய் சுரப்பது இமை ஓரத்தில் உள்ள சுரப்பிகள்.
- அறுபட்ட நரம்பு சரியாக வளராமல், காரணம் இல்லாமலே வலிச் செய்தி அனுப்புகிறது.

முதல் இரண்டுக்குச் சொட்டு மருந்து உதவும். மூன்றாவதற்கு வழக்கமான சொட்டை எத்தனை புட்டி தீர்த்தாலும் பெரிதாகப் பயன் இருக்காது. இந்தப் பிரிவினை தெரியாமல் மருந்து மாற்றிக்கொண்டிருப்பதுதான் மாதங்களைத் தின்கிறது.

3. காகிதங்களைச் சேர்த்து வையுங்கள்

அறுவை செய்த இடத்தில் கேட்டு வாங்க வேண்டியவை: அறுவைக்கு முந்தைய பவர், கருவிழியின் தடிமன், கருவிழி வரைபடம், முன்பே வறட்சிச் சோதனை செய்திருந்தால் அதன் முடிவு, அறுவைக் குறிப்பு. இவை உங்களைப் பற்றிய பதிவுகள், தயங்காமல் கேளுங்கள். புது டாக்டர் "முன்பு எப்படி இருந்தது?" என்று கேட்கும்போது பதில் இந்தக் காகிதத்தில்தான் இருக்கும்.

அடுத்து, இதுவரை போட்ட சொட்டுகளின் பட்டியல். பெயர், தொடங்கிய தேதி, நிறுத்திய தேதி, ஒரு நாளைக்கு எத்தனை முறை, என்ன ஆனது. "ஒரு நீல மூடி மருந்து" என்று சொல்லி யாருக்கும் உதவ முடியாது.

வாயால் சாப்பிடும் மாத்திரைகளையும் எழுதுங்கள். ஒவ்வாமை, சளி மாத்திரைகள், மன அழுத்தத்துக்கான சில மருந்துகள், முகப்பருவுக்கான ஐசோட்ரெட்டினாயின், நீர் பிரியும் மாத்திரை ஆகியவை கண்ணைக் காய வைக்கும். காய வைக்கிறது என்று தெரிந்ததும் நீங்களாக நிறுத்திவிடக் கூடாது. எழுதிக் கொடுத்தவரிடம் மாற்று கேளுங்கள்.

வாயும் சேர்ந்து காய்கிறதா, மூட்டு வலி, தைராய்டு, சர்க்கரை, ஒற்றைத் தலைவலி உண்டா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கண்ணீர், உமிழ்நீர்ச் சுரப்பிகளைத் தாக்கும் ஷோக்ரன் நோய் முதலில் தெரியவருவது சில சமயம் கண்ணில்தான்.

4. இரண்டு வாரக் குறிப்பேடு

எல்லோரும் தவிர்க்கப் பார்க்கும் படி இது. என் அனுபவத்தில் இதுதான் மிகப் பயனுள்ளது, செலவும் இல்லை.

ஒரு நாளில் நான்கு நேரம்: எழுந்ததும், முற்பகல், மாலை, படுக்கும் முன். ஒவ்வொரு நேரத்திலும் வலது கண்ணுக்கு ஒரு எண், இடது கண்ணுக்கு ஒரு எண், 0 முதல் 10 வரை. பக்கத்தில் ஒரு சொல்: எரிச்சல், குத்தல், உறுத்தல், அரிப்பு, கூச்சம், பாரம். அதற்கு மேல் எழுத வேண்டாம். நீளமாக எழுத ஆரம்பித்தால் நான்காம் நாளே விட்டுவிடுவீர்கள், நானும் அப்படித்தான் விட்டேன்.

இந்த இரண்டு வாரத்தில் மருந்து எதையும் மாற்றாதீர்கள். மாற்றினால் எண்கள் எதைச் சொல்கின்றன என்று தெரியாமல் போகும். பிறகு பக்கங்களைப் புரட்டினால் ஏதாவது ஒரு வடிவம் தென்படும்.

எழும்போதே மோசம், போகப் போகக் குறைகிறது என்றால் இரவில் ஏதோ நடக்கிறது. இமை முழுதாக மூடாமல் தூங்கலாம், மின்விசிறிக் காற்று நேராக முகத்தில் அடிக்கலாம், மூச்சுக்கருவியின் முகமூடியிலிருந்து காற்று கசியலாம். இமை ஓர அழற்சியும் காலையில் மோசமாக இருக்கும். கண்ணைத் திறக்கும் அந்த நொடியில் கீறியது போல 'சுருக்'கென்று வலித்தால் அது வேறு கதை: இரவில் இமையோடு ஒட்டிக்கொண்ட கருவிழித் தோல் திறக்கும்போது உரிகிறது. பி.ஆர்.கே. செய்தவர்களிடம் இதைக் கூடுதலாகப் பார்க்கலாம். இதற்கு வைத்தியம் தனி, வெறும் பகல் சொட்டு போதாது.

காலையில் பரவாயில்லை, திரை பார்க்கப் பார்க்க ஏறுகிறது என்றால் கண்ணீர் ஆவியாவது முதல் சந்தேகம்.

நாள் முழுக்க ஒரே எண், சொட்டு விட்டாலும் அதே எண், வெளிச்சமும் காற்றும் தாங்கவில்லை என்றால் நரம்பைச் சந்தேகிக்க வேண்டும்.

அரிப்புதான் அதிகம் என்றால் ஒவ்வாமை. வாசிக்கும்போது மட்டும் பாரம், நெற்றி வலி என்றால் பவர் கூடுதலாகத் திருத்தப்பட்டிருக்கலாம், அல்லது நாற்பது வயதைத் தாண்டியவருக்கு வாசிப்புக் கண்ணாடி தேவைப்படலாம். வறட்சி என்று ஒரு வருடம் சொட்டு விட்டவர் ஒரு வாசிப்புக் கண்ணாடியில் சரியானதை நான் பார்த்திருக்கிறேன்.

ஒரு கண்ணில் மட்டும் என்றால் அந்தக் கண்ணில் ஏதோ இடக் காரணம் இருக்கிறது. ஒரு பெண்ணின் குறிப்பேட்டில் இடது கண் காலை எண் தினமும் 7, வலது 2. மாலையில் இரண்டும் 3. இரவு இரண்டு மணிக்கு அவர் தங்கை மங்கலான விளக்கோடு போய்ப் பார்த்தார். இடது இமைக்குக் கீழே ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தது. இமை மூடவே இல்லை. படுக்கும் முன் களிம்பும், ஈரப்பதம் காக்கும் கண் மறைப்பும் பத்து நாளில் அந்த 7ஐ 3 ஆக்கின. அதற்கு முன் ஐந்து மாதம் பகல் முழுக்கச் சொட்டு விட்டுக்கொண்டிருந்தார்.

5. மருந்துப் புட்டிகளைக் குறையுங்கள்

குறிப்பேடு முடிந்த பிறகு முதல் மாற்றம் கழித்தல்தான், கூட்டல் இல்லை.

பல புட்டி மருந்துகளில் பென்சால்கோனியம் குளோரைடு என்ற பிரிசர்வேட்டிவ் இருக்கிறது. கிருமி வளராமல் காக்கும் அதே பொருள், அடிக்கடி பட்டால் கருவிழியின் மேல்தோலை அரிக்கும். ஒரு நாளைக்கு நான்கு முறைக்கு மேல் செயற்கைக் கண்ணீர் தேவைப்பட்டால் பிரிசர்வேட்டிவ் இல்லாத வகைக்கு மாறுங்கள். சின்னச் சின்ன பிளாஸ்டிக் குப்பியில் வருவது இதுதான். திறந்த குப்பியை உறையில் எழுதியிருக்கும் நேரத்துக்குள் தூக்கிப் போடுங்கள். மிச்சம் பிடிக்கிறேன் என்று மூன்று நாள் வைத்திருந்து கிருமித் தொற்று வாங்கிக்கொள்ளாதீர்கள்.

சிவப்பை நீக்கும் சொட்டை முற்றிலும் விடுங்கள். அது ரத்தக் குழாயைச் சுருக்கி வெள்ளையாகக் காட்டுகிறது, அவ்வளவுதான். விளைவு தீர்ந்ததும் முன்னைவிடச் சிவக்கும், மறுபடி விடத் தோன்றும்.

டாக்டர் எழுதிய ஸ்டீராய்டு, ஆன்டிபயாடிக், பிரஷர் மருந்து ஆகியவற்றில் நீங்களாகக் கை வைக்காதீர்கள். அவற்றிலும் பிரிசர்வேட்டிவ் இல்லாத வகை கிடைக்குமா என்று கேட்கலாம்.

இனி ஒரு விதி: ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும், குறைந்தது இரண்டு வாரம். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது காப்பாற்றியது என்று தெரியாது, நிறுத்தக்கூடாததை நிறுத்திவிடுவீர்கள்.

6. சொட்டு விடுவதைச் சரி செய்யுங்கள்

சிரிக்காதீர்கள். பல மாதம் விட்டவர்களே தப்பாக விடுகிறார்கள்.

கையைக் கழுவி, தலையைப் பின்னால் சாய்த்து, கீழ் இமையை விரலால் லேசாக இழுத்தால் ஒரு சின்னப் பை போல ஆகும். அதில் ஒரு சொட்டு. நேராகக் கருவிழி மேல் விட்டால் கண் திடுக்கென்று மூடி, பாதி கன்னத்தில் வழியும். பிறகு கண்ணை மென்மையாக மூடி ஒரு நிமிடம். இறுக்கி மூடி, பட படவென்று இமைத்தால் மருந்து மூக்குக் குழாய்க்குள் போய்விடும்.

இரண்டாவது சொட்டு வீண். ஒரு சொட்டையே கண் முழுதாகத் தாங்காது.

இரண்டு வேறு மருந்துகளுக்கு இடையே ஐந்து முதல் பத்து நிமிட இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் பின்னது முன்னதைக் கழுவிவிடும். வரிசை: தண்ணீர் போன்றது முதலில், கெட்டியானது அப்புறம், களிம்பு கடைசி. களிம்பை முதலில் போட்டால் அதற்கு மேல் விடும் மருந்து உள்ளே இறங்காது.

செயற்கைக் கண்ணீரை வலித்த பிறகு விடாதீர்கள். மடிக்கணினியைத் திறக்கும் முன், வெயிலில் கிளம்பும் முன் விடுங்கள். காய்ந்து அழற்சி தொடங்கிய பிறகு விடும் சொட்டு பாதி வேலைதான் செய்யும்.

7. இமை ஓரம்: சூடு உண்டு, அழுத்தம் கூடாது

கண்ணாடி முன் நின்று கீழ் இமை ஓரத்தை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். மயிர்க்காலுக்கு உட்புறம் வரிசையாகச் சின்னத் துளைகள் தெரியும். நலமாக இருந்தால் அவை தெளிவாக இருக்கும். அடைபட்டிருந்தால் வெளிர்மஞ்சள் மூடி போட்டது போல, சில சமயம் நுரை ஓரத்தில் நிற்கும். இமை மயிரின் அடியில் காலர் மாட்டியது போல் பொடுகு இருந்தால் டெமோடெக்ஸ் என்ற சிறு உண்ணியாக இருக்கலாம்; டாக்டரிடம் காட்டுங்கள். தேயிலை மர எண்ணெயைச் சுத்தமாக அப்படியே தடவி கண்ணைச் சுட்டுக்கொண்டவர்கள் உண்டு, அதைச் செய்யாதீர்கள்.

சுரப்பிக்குள் எண்ணெய் வெண்ணெய் போல உறைந்திருக்கிறது. அதை உருக்க இமைக்குச் சுமார் 40 டிகிரி செல்சியஸ் சூடு, பத்து நிமிடம். வெந்நீரில் நனைத்த துணி இரண்டு நிமிடத்தில் ஆறிவிடும் என்பதால் பலருக்கு இந்தப் படி பலன் தருவதில்லை. சூட்டைப் பிடித்து வைக்கும் கண் மறைப்பு நல்லது. துணிதான் என்றால் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொண்டே இருங்கள். முதலில் உள்மணிக்கட்டில் வைத்துப் பார்த்துவிட்டு கண்ணில் வையுங்கள்.

சூடான பிறகு இமையை மயிர்க்கால் திசையில் மெல்ல வழித்துவிடச் சொல்வார்கள். லேசிக் ஆனவர்கள் இங்கே கவனம். கண் விழி மேல் அழுத்தாதீர்கள், கசக்காதீர்கள். கருவிழி மெலிந்திருக்கிறது, சூட்டோடு அழுத்தமும் சேர்ந்தால் அதன் வடிவம் மாற வாய்ப்பு இருக்கிறது. அறுவை ஆகி எத்தனை மாதத்தில் இதைத் தொடங்கலாம் என்று செய்த டாக்டரிடம் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள். பலன் தெரிய ஒரு மாதம் ஆகும், நாள்தோறும் செய்தால்.

8. இமைப்பது, காற்று, தூக்கம்

நிமிடத்துக்குச் சுமார் பதினைந்து முறை இமைக்கும் நாம், திரை முன் பாதிக்கும் கீழே இறங்குகிறோம். எண்ணிக்கையைவிடப் பெரிய பிரச்சினை அரைகுறை இமைப்பு: மேல் இமை பாதியில் நின்று திரும்பிவிடும், கருவிழியின் கீழ்ப்பகுதி நனையாது.

சோதனை எளிது. வேலை பார்க்கும்போது போனைப் பக்கத்தில் சாத்தி வைத்து பத்து நிமிடம் உங்கள் முகத்தைப் படம் எடுங்கள். மறந்துபோய் வேலையில் மூழ்கிய பகுதியைப் பாருங்கள். என் படத்தில் ஒரு நிமிடத்தில் நான்கு இமைப்பு. நான்கில் மூன்று அரைகுறை.

பயிற்சி: மூடு, இரண்டு நொடி, மெதுவாக அழுத்தி மூடு, திற. ஒரு மணிக்கு ஐந்து முறை. திரையைக் கண் மட்டத்துக்குக் கீழே வையுங்கள். பார்வை தாழ்ந்தால் இமை திறப்பு சுருங்கும், ஆவியாவது குறையும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஆறு மீட்டர் தூரத்தில் இருபது நொடி பார்க்கும் பழக்கமும் சரிதான், அந்த இருபது நொடியில் முழுதாக இமைத்தால்.

காற்று முகத்தில் நேராக அடிக்கக் கூடாது. வெளியே போகும்போது பக்கமும் மூடிய கண்ணாடி.

ஒமேகா-3 மாத்திரை பற்றி எல்லோரும் கேட்பார்கள். 2018இல் வெளியான ட்ரீம் என்ற பெரிய ஆய்வில், ஒரு வருடம் தினம் 3000 மில்லிகிராம் எடுத்தவர்களுக்கும் ஆலிவ் எண்ணெய் மாத்திரை எடுத்தவர்களுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. நான் அந்தப் பணத்தை நல்ல கண் மறைப்பில் போடுவேன்.

9. டாக்டரிடம் சோதனை: அதிலும் வரிசை உண்டு

மேலே சொன்னவற்றை ஆறு வாரம் செய்தும் எண்கள் இறங்காவிட்டால், வறட்சிக்கென்றே பார்க்கும் கருவிழி நிபுணரிடம் போங்கள். வலி கடுமையாக இருந்தால் ஆறு வாரம் காத்திருக்க வேண்டாம், இங்கிருந்தே தொடங்குங்கள்.

போகும் முன் இரண்டு மணி நேரம் செயற்கைக் கண்ணீர் விடாதீர்கள், சோதனை முடிவு மாறிவிடும்.

பெரும்பாலானவர்கள் சறுக்குவது இங்கேதான். உள்ளே நுழைந்ததும் உதவியாளர் பிரஷர் பார்க்க மரக்கவைக்கும் சொட்டை விட்டுவிடுவார். அதன் பிறகு செய்யும் பல வறட்சிச் சோதனைகளின் முடிவு மாறிவிடும். "மரக்கவைக்கும் சொட்டைக் கடைசியில் விடலாமா?" என்று வாசலிலேயே கேட்டுவிடுங்கள்.

நல்ல வரிசை இது. முதலில் கண்ணை அதிகம் சீண்டாத சோதனைகள்: கண்ணீரின் உப்புச் செறிவு, கண்ணீரில் அழற்சியைக் காட்டும் எம்.எம்.பி-9 என்ற பொருள், சுரப்பிகளின் படம். அடுத்து பஞ்சு நுனியால் கருவிழியின் தொடு உணர்வு. பிறகு மஞ்சள் சாயம் விட்டு, கண்ணீர்ப் படலம் எத்தனை நொடியில் கிழிகிறது என்று பார்ப்பார்கள். பத்து நொடிக்குக் கீழ் என்றால் நிலை சரியில்லை. அதே சாயத்தில் கருவிழி எங்கே கறை பிடிக்கிறது என்றும் தெரியும். பிறகு ஷிர்மர்: கீழ் இமையில் ஒரு காகிதப் பட்டையை மாட்டி ஐந்து நிமிடம் வைத்து, எத்தனை மில்லிமீட்டர் நனைந்தது என்று அளப்பார்கள். 5க்குக் கீழ் என்றால் கண்ணீர் மிகக் குறைவு. ஃபிளாப் ஓரத்தில் தோல் உள்ளே வளர்ந்திருக்கிறதா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

கடைசியில்தான் மரக்கவைக்கும் சொட்டு, இந்த முறை ஒரு சோதனையாக. விடும் முன் வலிக்கு எண் கொடுங்கள், ஒன்றிரண்டு நிமிடம் கழித்து மறுபடி கொடுங்கள். வலி முழுதாகப் போனால் காரணம் கண்ணின் மேற்பரப்பில் அல்லது அங்குள்ள நரம்பு நுனியில். கொஞ்சமும் குறையவில்லை என்றால் வலிப் பாதை மேலே, மூளை வரை, உணர்ச்சி மிகுந்து போயிருக்கிறது. பாதி குறைந்தால் இரண்டும் கலந்தது. சில நிமிடச் சோதனைதான். ஆனால் சிகிச்சை எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எளிய வழி எனக்குத் தெரியாது.

அந்தச் சொட்டு விட்டதும் பல மாதத்தில் முதல்முறையாகக் கண் அமைதியாகும். நான் அந்த நாற்காலியிலேயே அழுதுவிட்டேன். அதனால்தான் எச்சரிக்கிறேன்: அதை வீட்டுக்குக் கேட்காதீர்கள், யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். தொடர்ந்து விட்டால் கருவிழி ஆறாமல் கரைந்து பார்வையே போகலாம்.

10. முடிவுக்கு ஏற்ற பாதை

எண்ணெய்க் குறைவு: ஏழாம் படியைத் தொடர்வது, கொழுப்பு கலந்த செயற்கைக் கண்ணீர், மருத்துவமனையில் இமையைச் சூடாக்கி சுரப்பியைப் பிழியும் சிகிச்சை, ஐ.பி.எல். ஒளிச் சிகிச்சை, குறைந்த அளவு டாக்சிசைக்ளின். கர்ப்பமாக இருப்பவர்கள் கடைசியாகச் சொன்னதை எடுக்கக் கூடாது.

தண்ணீர்க் குறைவு, அழற்சி: டாக்டர் கண்காணிப்பில் சில வாரம் ஸ்டீராய்டு, கூடவே சைக்ளோஸ்போரின் 0.05% அல்லது லிஃபிடெக்ராஸ்ட் 5%. சைக்ளோஸ்போரின் முதல் சில வாரம் எரியும். முழுப் பலன் தெரிய மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். மூன்றாம் வாரத்தில் "ஒத்துக்கொள்ளவில்லை" என்று நிறுத்துபவர்களே அதிகம்.

கண்ணீர் வடியும் துளையை அடைக்கும் பிளக்கும் நல்லதுதான், அழற்சி அடங்கிய பிறகு. முன்பே அடைத்தால் அழற்சிப் பொருள் நிறைந்த கண்ணீர் கண்ணிலேயே தேங்கி நிற்கும். முதலில் தானாகக் கரையும் வகையைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

11. சோதனையில் ஒன்றும் இல்லை, வலி மட்டும் இருக்கிறது என்றால்

கறை இல்லை, கண்ணீர் இருக்கிறது, வலி 8. இதற்குப் பெயர் உண்டு: கருவிழி நரம்பு வலி. உங்கள் கற்பனை இல்லை. கண்ணீர்ப் படலத்தை ஆராயும் டி.எஃப்.ஓ.எஸ். அமைப்பு 2017இல் வெளியிட்ட சர்வதேச அறிக்கை உலர்கண்ணின் வரையறையிலேயே நரம்பு உணர்ச்சிக் கோளாறைச் சேர்த்திருக்கிறது. டாக்டரிடம் "வறட்சி" என்று மட்டும் சொல்லாமல், "இது நரம்பு வலியாக இருக்குமா?" என்று நேராகக் கேளுங்கள். கான்ஃபோக்கல் நுண்ணோக்கி இருக்கும் இடத்தில் கருவிழி நரம்பையே படம் பிடித்துப் பார்க்க முடியும்.

மேற்பரப்பு நரம்பு நுனியில்தான் காரணம் என்றால் சீரம் சொட்டு முக்கியமான வழி. உங்கள் ரத்தத்தை எடுத்து, அதன் தெளிந்த நீர்ப் பகுதியான சீரத்தைப் பிரித்து, பெரும்பாலும் 20% அளவில் நீர்த்துக் கொடுப்பார்கள். அதில் நரம்பை வளர்க்கும் பொருட்கள் இருக்கின்றன, பிரிசர்வேட்டிவ் இல்லை. அதனாலேயே எளிதில் கெடும்: கையில் இருக்கும் புட்டி குளிர்பெட்டியில், மிச்சம் உறைநிலையில். பையில் போட்டுக்கொண்டு ஊர் சுற்றக் கூடாது. பலனை மாதக் கணக்கில்தான் அளக்க வேண்டும்.

ஸ்கிளீரல் லென்ஸ் இன்னொரு வழி. வெள்ளை விழி மேல் உட்கார்ந்து, கருவிழிக்கும் தனக்கும் இடையே திரவத்தைத் தேக்கி வைக்கும், காற்று படாது. லேசிக் ஆன கருவிழி தட்டையாகிவிட்டிருப்பதால் பொருத்துவதில் அனுபவம் உள்ளவரிடமே போங்கள்.

மரக்கவைக்கும் சொட்டுக்கு வலி அடங்காதவர்களுக்குக் கண்ணில் விடும் மருந்து மட்டும் போதாது. நார்ட்ரிப்டிலின், கபாபென்டின், பிரிகாபலின், டுலாக்செட்டின் போன்ற வாய்வழி மருந்துகளை வலி நிபுணரோ நரம்பியல் டாக்டரோ சிறு அளவில் தொடங்கிக் கூட்டுவார்கள். மன அழுத்த மாத்திரையைக் கொடுத்துவிட்டார்களே என்று கோபப்படாதீர்கள், நரம்பு வலிக்கும் அதே மருந்துதான். நார்ட்ரிப்டிலின் கண்ணைக் கொஞ்சம் காய வைக்கும் என்பதால் செயற்கைக் கண்ணீரைத் தொடர வேண்டும். எதையும் திடீரென்று நிறுத்தக் கூடாது.

நாள்பட்ட கண் வலி தூக்கத்தையும் மனதையும் அரிக்கும். வாழ்க்கையே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் அதைக் கண் டாக்டரின் அடுத்த தேதிவரை தள்ளிப் போடாதீர்கள். வீட்டில் ஒருவரிடமும் ஒரு மனநல மருத்துவரிடமும் அன்றே சொல்லுங்கள். வலிக்குச் சிகிச்சை நடக்கும்போதே இதற்கும் நடக்கலாம்.

12. இரண்டாவது முறை லேசர் செய்யலாம் என்று சொன்னால்

பார்வை மங்கலாக இருக்கிறது, கொஞ்சம் பவர் மிச்சம் இருக்கிறது, மறுபடி ஒரு லேசர் செய்துவிடலாம் என்று சிலருக்குச் சொல்வார்கள். காய்ந்த கண்ணில் எடுத்த பவர் நம்பத்தக்கது அல்ல. கண்ணீர்ப் படலம் கிழிந்திருந்தால் கருவி தப்பான சிலிண்டர் பவரை (கருவிழியின் வளைவு சீராக இல்லாததற்கான பவர்) காட்டும். மங்கலுக்கே அதுதான் காரணமாகவும் இருக்கலாம். பவர் ஒவ்வொரு சில மாதத்துக்கும் ஒரே திசையில் ஏறிக்கொண்டே போனால் கருவிழி பிதுங்குகிறதா என்று வரைபடம் எடுத்துப் பார்க்க வேண்டும்.

மங்கலைச் சோதிக்க ஒரு சின்ன வழி: தூரத்து எழுத்தைப் பார்த்துக்கொண்டே இரண்டு முறை முழுதாக இமையுங்கள். இமைத்ததும் தெளிந்து, சில நொடியில் மறுபடி கலங்கினால் அது பெரும்பாலும் கண்ணீர்ப் படலத்தின் வேலை. அப்படியானால் கண் அமைதியான பிறகு, இரண்டு வெவ்வேறு நாட்களில், முற்பகலில் பவர் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போகும்வரை ஒரு சாதாரணக் கண்ணாடி வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். நான் இன்னும் போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். காற்றையும் அது கொஞ்சம் தடுக்கிறது.